மறுமுனையில் ஒரு ஆள்

அந்தச் சலவைக் கூடத்துக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைவார்கள். பிளீச்சிங் பவுடரின் நெடி, நீராவியின் வெக்கை, ஈரத் துணியின் வாடை எல்லாம் சேர்ந்து முகத்தில் அறையும். ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வெளுப்புக்கு வந்தன. ரத்தக் கறையோடும் மருந்துக் கறையோடும் மூட்டையாக வந்து, மடிப்புக் கலையாமல் திரும்பிப் போயின. வெயில் காலத்தில் தகரக் கூரை மேலிருந்து வறுக்கும். விரிப்பைத் தேய்க்கிற உருளை மிஷின் பக்கத்திலிருந்து வேகவைக்கும். மழைக்காலத்தில் சுவரெல்லாம் வியர்த்து வழியும். இப்படிப்பட்ட இடத்துக்கு வேலைக்குப் போக எவளாவது ஆசைப்படுவாளா என்று கேட்டால், ஒருத்தி ஆசைப்பட்டாள். அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று இருந்தது. அது சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் வெளியே வரும். மற்றபடி முதலாளி வரைக்கும் அவள் ரேடியோதான். காலையில் கதவைத் திறக்கும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் செருப்பைத் தேடும்வரை வாய் ஓயாது. காய்ச்சலோடு கூட வேலைக்கு வந்துவிடுவாள். "வீட்ல படுத்துக் கிடந்தா யாரு கேப்பா நான் சொல்றதை?" என்பாள்.

அவளுக்கு எதிரே நின்று மடித்தது அவளுடைய ஓரகத்தி சின்னவள். ரேடியோவின் புருஷன் அதே சலவைக் கூடத்தின் வேன் ஓட்டினான். அவனுடைய தம்பி ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். தம்பிக்குக் கல்யாணம் முடிந்து வந்த சின்னவளை, "வீட்ல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருப்பியா, என்கூட வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து வேலையில் சேர்த்தவள் ரேடியோ. இரண்டு அறை, ஒரே சமையலறை, ஒரே குழாய். அதில் இரண்டு குடும்பம். சின்னவளின் பெண் குழந்தை தூங்குவது பெரியம்மாவின் பக்கத்தில்தான். இப்படி ஒரு வீட்டில் இரண்டு ஓரகத்திகள் சண்டையில்லாமல் எப்படி இருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள். சண்டை இருக்கத்தான் செய்தது. அதை அவர்கள் வீட்டில் போடவில்லை, வேலையில் போட்டுத் தீர்த்தார்கள்.

அது எப்படியென்றால், விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, தள்ளி நின்று ஒரு உதறு உதறி, இழுத்துச் சுருக்கம் எடுத்து, முனையோடு முனை சேர்த்து, எதிரெதிரே நடந்து வரவேண்டும். நடுவில் சந்திக்கும்போது ஒருத்தி தன் முனையை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி இழுப்பு, மறுபடி நடை. மிஷின் சத்தத்தில் தள்ளி நின்று பேசினால் காதில் விழாது. முகத்தோடு முகம் வரும்போதுதான் பேச முடியும். ஒரு சந்திப்புக்கு ஒரு பேச்சு, அவ்வளவுதான். அதற்கு மேல் நின்றால் விரிப்பு தரையைத் தொட்டுவிடும். தொட்டால் மறுபடி வெளுக்கப் போடவேண்டும்.

சின்னவள் நடந்து வந்து, "நேத்து என்னைச் சோம்பேறின்னு சொன்னீங்களாமே" என்று முனையைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவாள். ரேடியோவுக்குச் சுருக்கென்று ஏறும். ஆமா சொன்னேன், இப்ப என்னடி என்று நாக்கு நுனிவரை வந்துவிடும். ஆனால் கையில் விரிப்பு இருக்கிறதே. இழுக்க வேண்டும், சுருக்கம் எடுக்க வேண்டும், நடக்க வேண்டும். எதிரே போய்ச் சேர்வதற்குள் கோபம் பாதி ஆறிவிடும்.

"சோம்பேறின்னு சொல்லல. அசதியா இருக்கேன்னு சொன்னேன்."

அது பச்சைப் பொய் என்று இருவருக்கும் தெரியும். சின்னவள் அதை எடுத்துக்கொண்டு பின்னால் போய் யோசித்துவிட்டுத் திரும்பி வருவாள்.

"அசதியாத்தான் இருக்கு. உடனே விசேஷமான்னு கேக்காதீங்க."

"நான் எங்கடி கேட்டேன்?"

அடுத்த சந்திப்பில் ரேடியோவே மெதுவாக, "விசேஷமா?" என்பாள். சின்னவள் சிரித்துவிடுவாள். ஒரு மூட்டை விரிப்பு முடிவதற்குள் ஒரு சண்டை முடிந்திருக்கும்.

இதையெல்லாம் யார் யோசித்து வைத்தார்கள்? யாரும் இல்லை. வேலை அப்படி அமைந்திருந்தது. அந்த வெக்கையையும் நெடியையும் வெடித்துப்போன விரல்களையும் அவர்கள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அது ஒன்றுதான்.

அப்போதுதான் புது மேனேஜர் வந்து சேர்ந்தான்.

கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. சத்தம் போட மாட்டான். எல்லோரையும் அக்கா என்பான், வாங்க போங்க என்பான். வந்ததும் காற்றாடிகளைச் சரிபண்ணினான், குடிக்கிற தண்ணீருக்கு வடிகட்டி வைத்தான். பிறகு ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், சுவர் ஓரமாக வரிசையாக இரும்புச் சட்டங்கள் நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் இரண்டு கிளிப். விரிப்பின் ஒரு முனையை அதில் மாட்டிவிட்டு, மறுமுனையை ஒருத்தியே பிடித்து இழுத்து மடிக்கலாம். முகம் சுவரைப் பார்த்து, முதுகு கூடத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

"யாருக்கும் வேலை போகாது, பயப்படாதீங்க. ஒரு துணிக்கு ரெண்டு பேர் நடந்து நடந்து கால் வலிக்குதுல்ல, இனிமே நடக்கவே வேண்டாம். உங்க நல்லதுக்குத்தான்" என்றான்.

உருளை மிஷினில் விரிப்பைக் கொடுத்து வாங்குகிற உருளைக்காரி, சட்டத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். "நல்லா விறைப்பா நிக்கிறாரு. வாயும் பேசமாட்டாரு. புது மாப்பிள்ளை மாதிரி இருக்காரு" என்றாள். அன்றிலிருந்து சட்டத்துக்கு மாப்பிள்ளை என்று பெயர் விழுந்துவிட்டது. முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. ரேடியோவின் மாப்பிள்ளை ஒரு கோடியில், சின்னவளின் மாப்பிள்ளை இன்னொரு கோடியில்.

கால் வலி குறைந்தது உண்மை. ஆனால் பொழுது நகரவில்லை. முன்பெல்லாம் சாப்பாட்டு மணி அடித்தால் அதற்குள்ளாகவா என்று இருக்கும். இப்போது சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பைப் பார்த்துப் பார்த்து, அதில் ஒரு கழுதை தெரிகிறது, ஒரு கப்பல் தெரிகிறது என்று கண்டுபிடித்த பிறகும் மணி அடிக்கவில்லை. ரேடியோ கிளிப்போடு பேசிப் பார்த்தாள். "என்ன மாப்பிள்ளை, சாப்டீங்களா?" கிளிப் என்ன பதில் சொல்லும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் முட்டைப் பொரியலைச் சோற்றில் பிசைந்துகொண்டே கேட்டான்.

"சம்பளம் குறைச்சுட்டானா?"

"இல்ல."

"வேலை கூட்டிட்டானா?"

"இல்ல. குறைஞ்சிருக்கு."

"திட்டறானா?"

"அக்கா அக்காங்கறான்."

"அப்புறம் உனக்கு என்னதான் குறை?"

"பிடிக்கல."

"வேலைன்னா பிடிக்கணும்னு உனக்கு எவன் சொன்னான்? பிடிக்கறதுக்குப் பேரு சினிமா. நாம காசு குடுத்துப் போவோம். வேலை பிடிக்காதுன்னுதான் அவன் நமக்குக் காசு குடுக்கறான்."

இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொல்லிவிட்டு அவன் இன்னும் கொஞ்சம் பொரியல் கேட்டான். ரேடியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

வேலையில் தீர்க்காத பேச்செல்லாம் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. வந்தால் நேராகச் சமையலறைக்குத்தான் வரும், அங்கேதானே இரண்டு பேரும் ஒட்டி நிற்கிறார்கள். ஒரு நாள் சாயங்காலம் பருப்பு அடிபிடித்துவிட்டது.

"அடுப்புல வெச்சது யாரு?" என்றாள் ரேடியோ.

"நான்தான். பாப்பாவைக் குளிப்பாட்டப் போனேன்."

"சொல்லிட்டுப் போகறதுக்கென்ன?"

"பக்கத்துலயே நின்னீங்க. அடுப்பைத் தணிச்சா கை தேஞ்சா போகும்?"

"உன் பொண்ணுக்குப் பாதி நாள் ஊட்டி விடற கைடி இது."

"ஊட்டினதைச் சொல்லிக் காட்டறீங்களா?"

"நீ கேட்டே, சொன்னேன்."

"நான் கேக்கல. இனிமே ஊட்டவும் வேண்டாம்."

மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. எடுத்த வாய்க்குப் பதில், அதற்கொரு பதில். கையில் விரிப்பு இல்லை, நடுவில் நடக்க இடமில்லை, பின்னால் போனால் பாத்திர அலமாரி இடித்தது. ஓரகத்தியோடு எப்படிச் சண்டை போடவேண்டும் என்பது ரேடியோவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது விரிப்பைப் பிடித்துக்கொண்டு போடுகிற சண்டை. வெறுங்கையோடு போட அவள் பழகியிருக்கவில்லை. சின்னவளும் பழகியிருக்கவில்லை. அன்று எல்லோரும் தீய்ந்த பருப்பைப் பேசாமல் சாப்பிட்டார்கள். குழந்தை மட்டும், "கசக்குது பெரியம்மா" என்றது.

அதன்பிறகு சண்டை தினமும் வந்தது. குழாயடியில் வந்தது, துணி காயப்போடுகிற கயிற்றில் வந்தது. ஒன்றும் ஆறவில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

மேல்பார்வை பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று மேனேஜர் யோசித்ததை ரேடியோவுக்குச் சொன்னவள் உருளைக்காரிதான்.

"உங்க வீட்ல பதவியாமே?"

"யாருக்கு?"

"அடிப்பாவி, உனக்குத் தெரியாதா? உன் ஓரகத்திக்குத்தான். அதிகம் பேசாத பொண்ணுன்னு அவளைப் பிடிச்சிருக்கான். நாளைலேருந்து நீலக் கோட்டு. யாரும் பேசாம பாத்துக்கணுமாம்."

ரேடியோவுக்கு வயிறு எரிந்தது. பதவி வந்ததில் எரிச்சல் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழுகிறவளின் செய்தி உருளை மிஷினைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்ததே, அதில்தான். அதிகம் பேசாத பொண்ணாம். இத்தனை வருஷம் அவள் பேசியதையெல்லாம் யார் கேட்டது? அதைக் கேட்ட ரேடியோவை முதலில் சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டு, பிறகு சின்னவளைப் பேசாத பொண்ணு என்று அவனே முடிவு கட்டிவிட்டான்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின்மேல் விழுந்த மழையில் பக்கத்தில் நின்றவள் சொன்னதுகூடக் கேட்கவில்லை. ரேடியோ கழுத்தைத் திருப்பி, "ஜன்னலைச் சாத்துங்கடி, காஞ்சதெல்லாம் நனையுது" என்று கத்தினாள். நீலக் கோட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றது. கோட்டு தோளில் தளர்ந்து தொங்கியது. யாருக்கோ தைத்தது போலிருந்தது.

"அக்கா, வேலை நேரத்துல பேச்சு வேண்டாம்."

"யாருகிட்ட சொல்றே?"

"எல்லாருக்கும்தான் சொல்றேன்."

"எல்லாருமாடி உன்னைக் கையைப் பிடிச்சு இங்க கூட்டிட்டு வந்தாங்க?"

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. அங்கேயே நின்றால் அழுதுவிடுவாள் என்று தெரிந்தது. நிற்கவில்லை, அடுத்த சட்டத்துக்குப் போய்விட்டாள். ஜன்னலை அவளே போய்ச் சாத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கொழுந்தன் பேச்சை எடுத்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, அந்தக் கடைசித் தெருவுல ஒரு வீடு காலியாகுது. போய்ப் பாத்துட்டு வந்தோம்."

"எதுக்கு?"

"நாங்க தனியாப் போயிடலாம்னு."

ரேடியோவின் புருஷன் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். "யாரு என்ன சொன்னாங்க இப்போ?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. வீட்ல சத்தம் தாங்கல அண்ணே. பட்டறை சத்தமே தேவலை. அண்ணி மேல குத்தம் சொல்லல. இவ மேலயும் சொல்லல. ஆனா இப்படியே போனா நம்ம ரெண்டு பேரும் பேசிக்க மாட்டோம்."

சின்னவள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை ரேடியோவின் மடியில் இருந்தது. கடைசித் தெரு ஒன்றும் கண்காணாத ஊர் இல்லை, நடந்து போகிற தூரம்தான். ஆனால் ராத்திரி படுக்கும்போது பக்கத்தில் அந்தச் சின்ன முதுகு இருக்காது. ரேடியோ குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

அவர்கள் எழுந்துபோனதும் புருஷன் ஆரம்பித்தான்.

"எல்லாம் உன் வாயால வந்தது."

"என் வாயால வரல. என் வாயை அடைச்சதால வந்தது."

"மறுபடி அந்தக் கம்பிக் கதையா? அவன் தனியாப் போறதுக்கும் அந்தக் கம்பிக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? காலையில வேனை எடுத்தா ஆஸ்பத்திரி வாசல்ல வாட்ச்மேன்கிட்ட கதை. அங்கேருந்து டீக்கடை. அங்க ஒரு கதை. திரும்பி வரும்போது ஜன்னல்ல கையை வெச்சுக்கிட்டு பாட்டு. வேலை பிடிக்கக் கூடாதுன்னு எனக்கு வந்து பாடம் நடத்தறீங்களே, டீக்கடையில நிறுத்தக் கூடாதுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லட்டும், நீங்க எந்தப் பக்கம் குதிக்கறீங்கன்னு பாக்கறேன்."

அவன் தட்டில் வைத்த கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"எனக்கு அவதான் டீக்கடை. அவகிட்ட சொல்லித்தான் இந்த வீட்டை இத்தனை வருஷம் ஒட்டுப் போட்டு வெச்சிருந்தேன். யாரோ ஒருத்தன் வந்து ஒரு கம்பியை நட்டான், வீடு ரெண்டாப் போகுது. அவனை ஒரு வார்த்தை கேக்க ஆளில்ல. என் வாயாம்."

திங்கட்கிழமையும் மழை விடவில்லை. ரேடியோ தன் சட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள். விரிப்பின் ஒரு முனையைக் கிளிப்பில் மாட்டினாள், பார்த்தாள், கழற்றினாள். பிறகு சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கூடத்தைப் பார்த்து, இரண்டு முனையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். மீதி விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டாள், தரையில் படக்கூடாதே என்று. முதலில் பக்கத்தில் இருந்தவள் பார்த்தாள். பிறகு எல்லா முதுகும் ஒவ்வொன்றாகத் திரும்பியது.

நீலக் கோட்டு வந்தது.

"என்னக்கா இது?"

"ஆளுக்குக் காத்திருக்கேன்."

"மாட்டுங்கக்கா, அவர் வராரு."

"வரட்டும்."

மேனேஜர் வந்தான். கோபப்படவில்லை. அவன் கோபப்படாததுதான் ரேடியோவுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"என்னக்கா, கிளிப் சரியில்லையா? மாத்தித் தரச் சொல்றேன்."

"கிளிப் நல்லாத்தான் இருக்கு."

"வேற என்ன வேணும், சொல்லுங்க. பாட்டு வைக்கட்டுமா? உக்கார ஸ்டூல் போடட்டுமா?"

"எதிர்ல ஒரு ஆள் வேணும்."

"அதுதான்க்கா முடியாது. நீங்களே பாக்கறீங்க, தனியாளா மடிச்சாத் துணி கூடுதலா முடியுது. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்."

ரேடியோ இல்லை என்று சொல்லவில்லை. அவன் சொன்னது நிஜம். துணி கூடுதலாகத்தான் முடிந்தது. அவனுடைய கணக்கில் ஒரு தப்பும் இல்லை. தன் வீடு எப்படி உடைந்தது என்பது மட்டும் அவன் கணக்கில் எந்தப் பக்கத்திலும் வராது என்று நினைத்து, கையிலிருந்த முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"சரி, இப்படிக் குடுங்க" என்று அவன் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு விரிப்பின் மறுமுனையை அவனே எடுத்தான். "நானே பிடிக்கிறேன். ரெண்டு பேர் மடிச்சா எவ்வளவு நேரம் வீணாகுதுன்னு எல்லாரும் பாருங்க."

உதறினார்கள். அவன் பக்கம் கோணலாகப் போனது. இழுத்தார்கள். நடந்து வந்தார்கள். முகத்தோடு முகம் வந்தபோது, அவ்வளவு கிட்டத்தில் வர வேண்டியிருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தான். ரேடியோ மெதுவாகச் சொன்னாள்.

"அதோ நிக்கிறாளே, அவ என் ஓரகத்தி."

முனையை வாங்கிக்கொண்டாள். அவன் தடுமாறி மடிப்பைப் பிடித்துப் பின்னால் போனான். அந்தக் கோடியில் நின்று, அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யோசிக்கிற முகமாக இருந்தது. மறுபடி வந்தான்.

"அவ வீட்டை விட்டுப் போறா."

இழுத்தார்கள். இந்த முறை அவன் இழுப்பில் பலமில்லை. உருளைக்காரி மிஷினை நிறுத்திவிட்டாள். கூடம் அமைதியாகிவிட்டது, கூரையில் மழை மட்டும். மறுபடி வந்தான்.

"இங்க நாங்க பேசிக்கிட்டு இருந்தவரைக்கும் போகல."

கடைசி மடிப்பு. அவன் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. விரிப்பை அவள் கையில் வைக்கும்போது, யாருக்கும் கேட்காத குரலில் அவனும் ஒன்று சொன்னான்.

"எனக்கும் மேல ஒருத்தர் இருக்காருக்கா. அவர் சொல்றதைத்தான் நான் செய்யறேன்."

"அவரையும் வரச் சொல்லுங்க" என்றாள் ரேடியோ. "துணி நிறையக் கிடக்கு."

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போனான். மாட்டு என்றும் சொல்லவில்லை, கழற்று என்றும் சொல்லவில்லை. நாளைக்குத் தன்னை வேலையை விட்டே அனுப்பினாலும் அனுப்புவான் என்று ரேடியோ நினைத்தாள். அனுப்பட்டும்.

அவள் மூட்டையிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். மறுமுனையைச் சின்னவள் பிடித்தாள். நீலக் கோட்டோடுதான் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்தார்கள், முனை சேர்த்தார்கள், நடந்து வந்தார்கள்.

"அந்தக் கடைசித் தெரு வீட்டுக்காரருக்கு இன்னும் பதில் சொல்லலக்கா" என்றாள் சின்னவள். முனையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனாள்.

ரேடியோவுக்குள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பி வந்தது. அடிபிடித்த பருப்பு, நீலக் கோட்டு, பேச்சு வேண்டாம் என்று சொன்ன வாய், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ப் பார்த்த வீடு. எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும். விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். சுருக்கம் எடுத்தாள். நடந்தாள். எதிரே அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"சரின்னு சொன்னீன்னா காலை ஒடிச்சுடுவேன்" என்றாள் ரேடியோ.